கறுப்புத் தோல் ஒட்டிய வெள்ளை எலி

இந்த அவைக்குத் தலைமை தாங்கி, “அஞ்சே நிமிஷம்தான்மா” என்று என்னை எச்சரித்துவிட்டு அமர்ந்திருக்கும் பெரியவர் மெய்யநாதன் ஐயா அவர்களே! மாற்றுச் சிறுநீரகத்தோடு மறுவாழ்வு காணும் சகோதர சகோதரிகளே! பெற்ற பிள்ளைக்குத் தம் உறுப்பையும் ஈந்த உத்தமத் தாய்மார்களே! இந்த ஜெலுத்தோங் மண்டபத்தில் மின்விசிறி ஓடாத மூலையிலும் முகம் சுளிக்காமல் அமர்ந்திருக்கும் அன்பர்களே! அனைவருக்கும் துளசியின் பணிவான வணக்கம்.

இதோ, மேசைமேல் என் கைப்பேசி. பேச்சின் நடுவே நான் அதைப் பார்த்தால் பொறுத்தருளுங்கள். என் தம்பி கிஷன் நான்கு நாளாக மருத்துவமனையில் கிடக்கிறான். மூன்றாண்டுகளுக்கு முன் நான் கொடுத்த சிறுநீரகம் அவனுக்குள் பிழைக்குமா, பாழாகுமா? இன்று காலை எடுத்த ரத்தத்தின் முடிவு வந்தால்தான் தெரியும். எனக்குப் பயமாக இருக்கிறது. ஆனாலும் இங்கே வந்தேன். ஏன் வந்தேன்?

சென்ற ஆண்டு இதே மேடையில் முழங்கியவள் நான். ஆய்வுக்கூடத்தில் எலிகளைப் பராமரிப்பது என் வேலை. வெள்ளை எலியின் முதுகில் கறுப்பு எலியின் தோலை ஒட்டினார்கள். அதில் கறுகறுவென்று முடி முளைத்தது. மாத்திரை இல்லை, மருந்து இல்லை, உடலின் மறுப்பும் இல்லை என்று படம் காட்டிப் பேசினேன். நீங்கள் கைதட்டினீர்கள். முன்வரிசையில் எழுந்து நின்று தட்டியவன் என் தம்பி.

வீடு திரும்பும்போது காரில் கேட்டான். “அக்கா, எலிக்கு முடியும்னா எனக்கும் முடியும்லா?”

பாராட்டு மயக்கத்தில் இருந்தேன். “ஒரு நாள் முடியும்டா” என்றேன். அது எந்த நாள் என்று நானும் சொல்லவில்லை, அவனும் கேட்கவில்லை.

நான் சொல்லாமல் விட்டது என்ன தெரியுமா? நம் ரத்தத்தில் டி செல்கள் இருக்கின்றன. உங்கள் அடுக்குமாடி வாசலில் காவல் நிற்கும் ஜாகா மாதிரிதான். வீட்டார் யார், வெளியார் யார் என்று நெஞ்செலும்புக்குப் பின்னாலுள்ள ஒரு சுரப்பியில் பயிற்சி பெறுகின்றன. வீட்டாரையே அடிக்கும் செல்களில் பெரும்பாலானவை அங்கேயே அழிந்துவிடும். தப்பி வந்தவற்றை அடக்கி வைக்கவும் தனி டி செல்கள் உண்டு. அந்த வெள்ளை எலிக்கோ, அது பிறந்த அன்றே கறுப்பு எலியின் செல்களைச் செலுத்தியிருந்தார்கள். பயிற்சி முடியாத பருவம். கறுப்பையும் வீட்டார் என்றே கற்றுக்கொண்டது. என் தம்பிக்குச் சிறுநீரகம் வைத்தபோது வயது முப்பத்து நான்கு! நான் அவன் அக்கா என்று அவனுடைய ஜாகாவுக்குத் தெரியுமா? மாத்திரைதான் அந்த ஜாகாவின் கையைப் பிடித்து வைத்திருந்தது.

இன்னும் கேளுங்கள். அடக்கி வைக்கும் அந்த டி செல்களை நீக்கிப் பார்த்தபோது, சில எலிகளின் முதுகில் ஒட்டிய தோல் கருகி உதிர்ந்தது. அந்தக் கூண்டுகளைக் கழுவியவளும் நான்தான். அந்தப் படத்தை மட்டும் உங்களுக்குக் காட்டவில்லை. கைதட்டல் குறைந்துவிடுமே என்று காட்டவில்லை!

பின்னால் ஓர் அண்ணன் கேட்கிறார், “அன்னைக்கு ஏன்மா சொல்லல?” நியாயம் அண்ணே.

கிஷன் முதலில் மாலை மாத்திரையை விட்டான், பிறகு காலை மாத்திரையையும் விட்டான். மனைவி அதிராவுக்குக்கூடத் தெரியாது. கால் வீங்கியது, தொழிற்சாலையில் நிற்பதால் வந்தது என்று சமாளித்தான். மருத்துவமனைக்குப் போனபோது, சிறுநீரகம் வடிகட்டாமல் ரத்தத்தில் உப்பு ஏறிக் கிடந்தது. “ஏன்டா விட்ட?” என்று கத்தினேன். அவன் சொன்னான்:

“நீ கொடுத்ததுலா அக்கா. உன்னையப் போய் என் உடம்பு வெளியாளுன்னு நெனைக்குமா?”

அவையோரே, எந்த அன்பையும் டி செல் அறியாது! அக்கா என்றும் பாராது, அம்மா என்றும் பாராது! என் பேச்சை நம்பி, இந்த அவையில் இன்னும் எத்தனை பேர் மாத்திரையை விட்டீர்கள்? கோபிக்க மாட்டேன். கையைத் தூக்குங்கள். யாரும் இல்லையா? உண்மையாகவே இல்லையா?

யாரது... முத்தம்மை அக்காவா?

“ரெண்டு மாசமா காலையில மட்டும்தான் போடுறேன், துளசி. மகன்கிட்ட சொல்லிடாத.”

கொஞ்சம் இருங்கள். கைப்பேசி மின்னுகிறது. அதிரா அனுப்பியிருக்கிறாள். வாசிக்கிறேன்: “உப்பு இன்னும் எறங்கல அண்ணி. ஆனா ஏறல. டாக்டர் நாளைக்கும் பாக்கணும்ங்குறாரு.”

நாளை வரை இந்தப் பயம் எனக்குண்டு. முத்தம்மை அக்கா, உங்களுக்கு இது வேண்டாம். இந்தக் கூட்டத்துக்கு வந்தவர்களின் ரத்தப் பரிசோதனைக்காகத் தாதி ரோஹானா பின்கதவருகே காத்திருக்கிறார். விட்ட மாத்திரையை நீங்களாக அள்ளிப் போடாதீர்கள். மருத்துவரைக் கேட்டுச் செய்வோம்.

பேச இடமளித்த தலைவருக்கும், பொறுமையோடு கேட்ட உங்களுக்கும் நன்றி சொல்லி வணங்குகிறேன். தயவுசெய்து இன்று எனக்குக் கைதட்டாதீர்கள். முத்தம்மை அக்கா, அங்கேயே இருங்கள். நான் இறங்கி வருகிறேன். இருவரும் சேர்ந்து போவோம்.