‘டாம்’ என்ற சொல்லுக்கு வேர் தேடிய குணலட்சுமி அம்மையாருக்கு

மும்மொழியும் முறையாய்க் கற்றவரும், முப்பத்திரண்டு ஆண்டுகள் கோப்புக் குவியலுக்குள் குனிந்த தலை நிமிராதவரும், உரும்பிராய் ஈன்ற உத்தமியும், எமது நீர்வளக் கந்தோரின் மொழிபெயர்ப்பாளருமான திருமதி குணலட்சுமி அம்மையார் இன்று ஓய்வுபெறுகிறார்.

‘டாம்’ என்ற ஒற்றை ஆங்கிலச் சொல்லுக்காக அம்மையார் பட்ட பாடு கொஞ்சமல்ல. அலுவலகத்துக்குக் கந்தோர் என்ற சொல்லை நமக்குத் தந்த ஒல்லாந்தரின் மொழிப்பக்கமிருந்தே அதுவும் ஆங்கிலத்துக்குப் போயிற்று என்று கண்டார். நீரை மறிக்கும் அணைக்கட்டும் டாம், சில நாடுகளில் மறிபட்ட நீரும் டாம் என்று குறித்தார். குட்டி ஈன்ற விலங்கையும் அப்படிச் சொல்வதுண்டு, ஆனால் அதன் வேர் வேறு என்று பிரித்துவைத்தார். அதோடு விடாமல் நீர்வேலிக்குப் பேருந்தேறி, வாழைத்தோட்டக்காரர் பஞ்சலிங்கத்தாரையும் கேட்டார்.

“மற்ற ஊரிலை தண்ணியை மறிக்கக் கட்டுவினம் பிள்ளை. எங்களுக்கு உப்புத்தண்ணி உள்ளுக்கை வராமல் மறிச்சால் காணும்,” என்றார் அவர். அந்தப் பொருளும் அம்மையாரின் சொற்கோவையில் ஏறியது.

இப்படியே பத்தொன்பது ஆண்டுகளில் ஆயிரத்து நானூறு சொற்கள் சேர்ந்தன. சென்ற ஆண்டு சொற்கோவை அச்சாகி வந்தபோது, அட்டையில் தொகுப்பாசிரியராகப் பணிப்பாளர் திரு. தேவராசாவின் பெயர் இருந்தது. கடைசிப் பக்கத்தின் அடியில் ‘தட்டச்சு: குணலட்சுமி’ என்றிருந்தது.

அம்மையார் போய்க் கேட்டார். “பேர் ஆரின்ரை எண்டால் என்ன? வேலை எங்கடை கந்தோரின்ரை தானே,” என்றார் பணிப்பாளர். அம்மையார் அன்று மதியச் சாப்பாட்டைப் பிரிக்காமலே வீட்டுக்குக் கொண்டுபோனார்.

இக்கந்தோரில் எவர் ஓய்வுபெற்றாலும் பாராட்டு மடல் எழுதுவது அம்மையார்தான். ஊழியர் வாசியாமலே ஒப்பமிடுவர். பணிப்பாளர் மேடையேறித்தான் முதன்முதலாகப் பிரித்து வாசிப்பார். சென்ற வாரம் விழாப் பொறுப்பாளர் நிருஷன் வந்து நின்றார்.

“அக்கா, உங்களைப்போலை இஞ்சை ஆருக்கு எழுதத் தெரியும்? உங்கடை மடலையும் நீங்களே எழுதித் தாங்கோவன்.”

தன்னைப் புகழத் தானே எழுதுவதா என்று அம்மையாருக்கு வெட்கமும் கசப்புமாக இருந்தது. ஆனாலும் “ஓம்” என்றார். எழுதினார். வழக்கம்போல இருபத்தாறு பேரும் ஒப்பமிட்டனர்.

ஆகவே, அந்தச் சொற்கோவையின் ஆயிரத்து நானூறு சொற்களையும் தேடித் தொகுத்து எழுதியவர் குணலட்சுமி அம்மையாரே என்பதை, நிறைந்த இச்சபையில் தம் வாயால் இப்போது வாசித்துக்கொண்டிருப்பவர் பணிப்பாளர் திரு. தேவராசா அவர்கள்.

அம்மையார் நோய்நொடி அண்டாது நூறாண்டு காணட்டும்.

இங்ஙனம்,
வாசியாது ஒப்பமிட்ட ஊழியர் இருபத்தாறு பேர்