பழைய அலைவரிசையில் ஒரு விமானம்

என் விரல் மேசையில் தட்டிக்கொண்டே இருப்பதைத் தப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள். வயர்லெஸ் வேலை பார்க்கிறவர்களுக்கெல்லாம் உள்ள வியாதி இது. சோற்றுத் தட்டிலும் தட்டுவோம், தூக்கத்திலும் தட்டுவோம். என் மனைவி சண்முகவடிவு இதற்காகவே பாயைத் தனியாகப் போட்டுக்கொண்டாள்.

சொரிமுத்து விசாரணையில் உங்களிடம் சொன்னதை நான் மறுக்கப்போவதில்லை. எங்கள் நிலையத்தில் ஜெனரேட்டர் பார்க்கிறவன் அவன், பொய் சொல்லத் தெரியாதவன். ஆனால் அவன் பார்த்தது என் கையை மட்டும்தான். கை ஏன் அங்கே போயிற்று என்பதை நான்தான் சொல்லவேண்டும். அந்த ஜன்னலைக் கொஞ்சம் சாத்தச் சொல்லுங்கள். காற்றுச் சத்தம் கேட்டால் இப்போதெல்லாம் எனக்கு இருப்புக்கொள்வதில்லை.

எங்கள் நிலையம் முத்தையாபுரத்துக்குத் தெற்கே, உப்பளங்களுக்கு நடுவில் இருக்கிறது. திருச்சியிலிருந்து கொழும்புக்குப் போகிற விமானங்கள் கடலைத் தாண்டும்போது எங்களைத்தான் கூப்பிடும். காற்று எப்படி, மழை எப்படி என்று சொல்வோம். வழி தவறிவிட்டால் எந்தத் திசையில் இருக்கிறார்கள் என்று அளந்து சொல்வோம். எல்லாம் மோர்ஸ் தந்தியில்தான். விமானத்தில் அதற்கென்றே ஓர் ஆள் உட்கார்ந்திருப்பான். மனுவேல் அப்படிப்பட்டவன். புன்னைக்காயல்காரன்.

யுத்த காலத்தில் இருவரும் சென்னையில் ஒன்றாக வயர்லெஸ் படித்தோம். பரீட்சையில் நான் முதல். யுத்தம் முடிந்து ஆள் எடுத்தபோது அவனை ஆகாயத்தில் ஏற்றினார்கள், என்னைத் தரையில் உட்கார்த்தினார்கள். தேர்வுக்கு வந்த துரைக்கு அவன் சிரிப்புப் பிடித்துப்போயிற்று. எனக்கு அதில் பொறாமை கிடையாது. நாங்கள் கருப்பட்டி வியாபாரக் குடும்பம். போன சரக்கை நினைத்து அழுகிற வழக்கம் எங்களுக்கு இல்லை.

எனக்குப் பிடிக்காதது அவனுடைய ஒழுங்கின்மைதான். அலைவரிசை என்பது ஒற்றையடிப் பாதை மாதிரி. ஒருத்தன் நின்று கதை பேசினால் பின்னால் வருகிறவன் எல்லாரும் நிற்கவேண்டியதுதான். கூப்பிடும்போது நிலையத்துக்கு உரிய குறியெழுத்துகளை அடிக்கவேண்டும் என்பது விதி. மனுவேல் இங்கிலீஷ் எழுத்துகளில் ‘அண்ணாச்சி’ என்று அடிப்பான். ஊரில் சாளை மீன் வந்ததா என்று விசாரிப்பான். திருச்சிக்காரர்களும் கொழும்புக்காரர்களும் அதைக் கேட்டுச் சிரிப்பார்கள். நான் புகார் எழுதினேன். மேலிடத்திலும் சிரித்தார்கள் போலிருக்கிறது.

சென்ற ஐப்பசியில் ஓர் உத்தரவு வந்தது. யுத்தத்துக்குப் பிறகு உலக நாடுகளெல்லாம் கூடி அலைவரிசைகளைப் புதிதாகப் பங்கு பிரித்துக்கொண்டன. அதில் விமானங்கள் வழியில் பேசுகிற எங்கள் அலைவரிசை கப்பல்களுக்குப் போயிற்று. எங்களுக்கு வேறொன்று கொடுத்தார்கள். மனுவேல் அப்போது லீவில் ஊரில் இருந்தான். லீவு முடிந்ததும் நேரே திருச்சிக்குப் போய் விமானம் ஏறுகிறவன். ஆகவே நீயே போய் வாயால் சொல்லிவிட்டு வா என்று எனக்குத் தகவல் வந்தது.

போனேன். கடற்கரையில் வள்ளத்தைக் கரையேற்றுகிற கூட்டத்தோடு நின்றான். கையைப் பிடித்து வீட்டுக்கு இழுத்துப்போனான். அவன் மனைவி இஞ்ஞாசியம்மாள் ஊளி மீன் குழம்பு ஊற்றினாள். சுற்றிலும் அவனுடைய மாமன் மச்சான்மார்.

“ஏளா, அண்ணாச்சிக்கு இன்னொரு துண்டு வையி. நாங்கள்லாம் மேல ஏறித்தான் பறக்கணும். இவிய உக்காந்த எடத்துலயே பறக்குதாவ” என்றான்.

எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். வழியனுப்ப வந்தபோது, “வந்த சோலி என்னன்னு சொல்லலியே, அண்ணாச்சி?” என்று கேட்டான்.

“ஒண்ணுமில்லலே. சும்மா பாத்துட்டுப் போலாமின்னு வந்தேன்” என்றேன்.

சொல்லியாயிற்று என்று மேலிடத்துக்குத் தெரிவித்தேன். புன்னைக்காயலுக்குப் போய்வந்தது உண்மைதானே. ஒரு தடவை கூப்பிட்டுப் பதில் கிடைக்காமல் முழிக்கட்டும், புத்தி வரும் என்றுதான் நினைத்தேன். அதற்கு மேல் அன்றைக்கு நான் ஒன்றும் நினைக்கவில்லை.

லீவு முடிந்து மனுவேல் ஏறிய விமானம் கிளம்பிய மத்தியானம் வானம் நன்றாகத்தான் இருந்தது. அது கடலுக்கு மேல் போனபிறகு கிழக்கே கறுத்தது. உப்புக் குவியல்களை மூடியிருந்த பனையோலைகள் பிய்த்துக்கொண்டு பறந்தன. என்னால் உட்கார முடியவில்லை, நிற்கவும் முடியவில்லை. நாற்காலிக்கும் ஜன்னலுக்குமாக அலைந்துகொண்டிருந்தேன். அப்போது பழைய அலைவரிசையில் அவன் கூப்பிட்டான். கையெழுத்தைப் போலத் தந்தி அடிக்கிற கைக்கும் ஒரு சாயல் உண்டு, கேட்டவுடன் தெரிந்துவிடும்.

அன்று அவன் விளையாடவில்லை. குறியெழுத்துகளை முறைப்படி அடித்தான். மேகத்துக்குள் வழி தவறிவிட்டது, திசை சொல்லுங்கள் என்று கேட்டான். ஓர் எழுத்துப் பிசகில்லை. இவ்வளவு ஒழுங்காக அடிக்கத் தெரிந்தவன் இத்தனை வருஷம் என்னை ஏன் கேலிப்பொருளாக வைத்திருந்தான்? எனக்குக் கோபம் வந்தது. அதை நான் மறைக்கவில்லை.

பழைய அலைவரிசையை நாங்கள் ஏன் கேட்டுக்கொண்டிருந்தோம் என்கிறீர்கள். கொஞ்ச காலத்துக்கு அதையும் கேட்கவேண்டும், மாற்றம் தெரியாமல் கூப்பிடுகிறவர்களுக்கு அதிலேயே பதில் சொல்லிப் புதியதற்குத் திருப்பிவிடவேண்டும் என்று உத்தரவிலேயே இருந்தது. ஆமாம், படித்தேன். ஆனால் அது மாற்றம் தெரியாதவர்களுக்கு. மனுவேலுக்குத்தான் சொல்லியாயிற்றே.

அவனாவது வேறு அலைவரிசைக்கு மாறிப் பார்த்திருக்கலாம். பார்க்கவில்லை. நான் அங்கே இருப்பேன் என்று நம்பினான் போலிருக்கிறது.

சொரிமுத்து எட்டிப் பார்த்தான். “அண்ணாச்சி, யாரோ விடாம கூப்பிடுத மாதிரி கேக்கே. நம்ம பிளேனா?”

“கப்பல்தாம்லே. நீ போயி ஜெனரேட்டரப் பாரு.”

அவன் போகாமல் வாசலிலேயே நின்றிருக்கிறான். அது எனக்குத் தெரியாது.

துறைமுகத்துக்கு வெளியே நங்கூரம் போட்டிருந்த ஒரு சரக்குக் கப்பல் மனுவேலுக்குப் பதில் சொல்லத் தொடங்கியது. அதில் திசை அளக்கும் கருவி இருந்தது. இன்னும் கொஞ்சம் பொறுத்திருந்தால் அவனுக்கு வழி கிடைத்திருக்கும். எனக்கு அது சரியாகப் படவில்லை. என்னுடைய விமானத்துக்கு வழி சொல்ல ஒரு கப்பல்காரன் யார்? தந்தி அனுப்பும் கருவியைப் பழைய அலைவரிசைக்குத் திருப்பி, தந்தி அடிக்கிற கீயை அழுத்தினேன். எழுத்து எதுவும் அடிக்கவில்லை, அழுத்திப் பிடித்தேன், அவ்வளவுதான். அப்படிப் பிடித்தால் ஒரே நீளமான ஊதல் வழியை அடைத்துக்கொள்ளும். அதற்கடியில் யார் பேசினாலும் யாருக்கும் கேட்காது. இடையிடையே கையைத் தூக்கிக் கேட்டேன். அவன் கூப்பிட்டுக்கொண்டிருந்தான். மறுபடி அழுத்தினேன்.

விமானத்தில் இருந்த மற்றவர்களை நினைத்தால் வருத்தமாகத்தான் இருக்கிறது. அவர்களோடு எனக்கு ஒரு பகையும் இல்லை. ஆலந்தலையில் அந்த விமானத்தின் நாற்காலி ஒன்று கரை ஒதுங்கியிருக்கிறது என்றார்கள், நானும் போய்ப் பார்த்தேன். இஞ்ஞாசியம்மாள் நிலையத்துக்கே வந்துவிட்டாள். “கடைசியா அவிய என்ன சொன்னாவ, அண்ணாச்சி?” என்று கேட்டாள். ஒன்றும் கேட்கவில்லை என்று சொல்லி அனுப்பினேன். அவளைக் கஷ்டப்படுத்த எனக்கு மனசு வரவில்லை.

ஆகவே கொலை என்று மட்டும் எழுதாதீர்கள். கப்பல்களுக்குக் கொடுத்த வழியில் ஒரு விமானம் குறுக்கே வந்தது, நான் ஒழுங்குபடுத்தினேன். ஒரு சமயம் கையைத் தூக்கியபோது அவன் சத்தம் இல்லை. நின்றுவிட்டிருந்தான். அப்புறமும் நான் கொஞ்ச நேரம் அழுத்திக்கொண்டுதான் இருந்தேன். அவன் மறுபடி கூப்பிட்டு, அது யாருக்காவது கேட்டுவிடக் கூடாதல்லவா.