உங்கள் கையையும் கொண்டுபோங்கள்

இந்தத் தைத்திருநாள் அவைக்குத் தலைமையேற்று, நீண்ட பேச்சையும் நிமிர்ந்திருந்து கேட்கும் நெஞ்சுரம் படைத்த குருமூர்த்தி ஐயா அவர்களே! இல்ஃபோர்ட்டிலிருந்தும் குட்மேய்ஸிலிருந்தும் லண்டன் குளிரைக் கிழித்து வந்திருக்கும் பெரியோர்களே! பிள்ளை பெற்றவர்களே, பெறப்போகிறவர்களே, என் தாய்மார்களே! கதவோரம் நின்று "சாப்பாடு எப்போது?" என்று கண்ணாலே கேட்கும் கணவன்மார்களே! உங்கள் அனைவருக்கும் என் வணக்கம்.

கர்ப்பிணிகளுக்கும் அவர்களின் கணவன்மாருக்கும் வரக்கூடிய எச்.ஐ.வி. பற்றிப் பேசப்போகிறேன். நல்ல நாளில் இந்தப் பேச்சா என்று முன்வரிசையில் ஓர் அம்மா முகம் சுளிக்கிறார். நல்ல நாளில்தானே, அம்மா, நீங்கள் எல்லோரும் ஒன்றாக அகப்படுகிறீர்கள்!

வைத்தியசாலையில் நான் மொழிபெயர்ப்பாளர். அங்கே கண்ட ஒரு குடும்பத்தின் கதையை அவர்கள் சம்மதத்தோடு, பெயரை மாற்றிச் சொல்கிறேன். கர்ப்பிணி தவமலர், அவள் கணவன் பாலேந்திரா என்று வைத்துக்கொள்வோம். ஏன் திரும்பித் திரும்பிப் பார்க்கிறீர்கள்? ஆளைத் தேடவேண்டாம், கதையைக் கேளுங்கள்.

எங்கள் வீடுகளில் ஒரு வழக்கம்: கிளினிக்கில் மனைவிக்கு வாய் கணவன்தான். பாலேந்திராவும் என்னிடம், "எனக்கு இங்கிலிஷ் தெரியும், நீங்கள் சும்மா இருங்கோ அக்கா" என்றார். மருத்துவிச்சி எச்.ஐ.வி. சோதனை பற்றிப் பொறுமையாக விளக்கினார். கிருமி வெளியே தெரியாமலே இருக்கலாம்; இப்போதே கண்டுபிடித்தால் மருந்து கொடுத்துப் பிள்ளையைக் காக்க வழியுண்டு என்றார். அத்தனையும் கேட்ட பாலேந்திரா மனைவி பக்கம் திரும்பினார்.

"ஒண்டுமில்லையப்பா, ஏதோ ரத்தச் சோதனையாம். அது எங்கட ஆக்களுக்கில்லை. வேண்டாமெண்டிட்டன்."

சிரிக்கிறீர்கள்! எத்தனை வீட்டில் இதே மொழிபெயர்ப்பு? நோய்க்குச் சாதி தெரியுமா? சமயம் தெரியுமா? தாலியைக் கண்டு தயங்குமா? நான் முழுவதையும் தவமலருக்குச் சொன்னேன். அவள் கணவனைப் பார்க்கவில்லை, மருத்துவிச்சியைப் பார்த்தாள்.

"என்ர பிள்ளைக்கு நல்லதெண்டால் எடுங்கோ. இவருக்கும் சேர்த்து எடுங்கோ."

இருவருக்கும் கிருமி இருந்தது. முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதவர் பாலேந்திரா. தவமலர் சொன்னாள்: "இஞ்சேருங்கோ, அழுறதெண்டால் பிறகு ரெண்டுபேருமாய் அழுவம். இப்ப டொக்டர் மருந்து சொல்லுறார், அதைக் கேளுங்கோ."

கை தட்டுகிறீர்களே, அது அவளுக்கே உரியது!

மருந்து குடித்தாள். அறுவைச் சிகிச்சையில் ஆண்பிள்ளை பெற்றாள். தாய்ப்பால் வழியாகவும் கிருமி போகும் என்பதால் புட்டிப்பால் கொடுத்தாள். பிள்ளை பிறந்த முப்பத்தொன்றுக்கு, பிரசவத் துடக்குக் கழிக்கும் அந்த நாளுக்கு, உறவெல்லாம் கூடியது, நானும் போயிருந்தேன். புட்டியைக் கண்ட ஒருத்தி, "ஏன் பிள்ளை, பால் குடுக்கேல்லையோ? வடிவு குறைஞ்சிடும் எண்டோ?" என்றாள். தவமலர் தலை குனிந்தாள்.

அப்போது பாலேந்திரா எழுந்தார். பிள்ளையை மடியில் வாங்கினார், புட்டியை எடுத்தார். "என்ர பிள்ளைக்கு நான்தான் பால் குடுக்கிறன். குறையிறதெண்டால் என்ர வடிவு குறையட்டும்!"

அன்று அவளுக்காக "வேண்டாம்" என்ற அதே வாய்தான்!

அந்தப் பிள்ளைக்குக் கிருமி இல்லை என்று இப்போது உறுதியாகிவிட்டது. ஆகவே அம்மாமாரே, புட்டியைக் கண்டால் காரணம் கேட்காதீர்கள். கை நீட்டிப் பிள்ளையை வாங்குங்கள். கணவன்மாரே, கிளினிக்குக்கு உங்கள் இங்கிலிஷ் மட்டும் போதாது. சட்டைக் கையை மடித்துவிட்டு, ஊசிக்கு நீட்ட உங்கள் கையையும் கொண்டுபோங்கள்!

பொங்கல் ஆறுவதையும் பொறுத்துக் கேட்ட உங்களுக்கு என் நன்றி. பிறக்கப்போகும் எங்கள் பிள்ளைகளுக்கும் சேர்த்தே சொல்கிறேன்: வணக்கம்!