கன்னையா மாமாவின் பாதுகாப்பு

கட்டில் விரிப்பில் ஒரு சுருக்கம் இருந்தாலும் எனக்குப் பொறுக்காது, மஸீஹா மிஸ். நீங்கள்தான் சொல்லிக் கொடுத்தீர்கள்: சுருக்கம் உறுத்தும், உறுத்தினால் தோல் சிவக்கும், சிவந்தது புண்ணாகும். தோட்டத்து லய வரிசையில் எங்கள் ஒற்றையறைக் காம்பராவின் ஒரே கட்டிலில் கன்னையா மாமா கிடந்த காலம் முழுவதும் அவர் முதுகில் ஒரு சிவப்புகூடக் கிடையாது. அவருடைய மகள் சசி பலாங்கொடைக்கே வந்து, நம் தாதிப் பயிற்சி வகுப்பில் எல்லோர் முன்னாலும் என்மேல் புகார் சொன்னபோது இதை மட்டும் சொல்லாமல் விட்டுவிட்டாள். சான்றிதழில் கையெழுத்து வைக்குமுன் நடந்ததை எழுதித் தரச் சொன்னீர்கள். எழுதுகிறேன்.

மாமா என் அம்மாவின் தம்பி. கித்துல்கலப் பக்கம் ரப்பர் பால் வெட்டுகிறவர். எங்கள் தோட்டத்துத் திருவிழாவுக்கு வந்த இடத்தில், தேயிலை மலையின் தண்ணீர்க் கானுக்குள் கால் இடறி, கணுக்காலைச் சுளுக்கிக்கொண்டார். எனக்கோ செய்முறைப் பரீட்சை நெருங்கிக்கொண்டிருந்தது. வகுப்பில் எங்கள் எல்லோருக்குமாக ஒரு பொம்மை. அதற்கும் ஒரு கை கழன்றுவிட்டது. பொம்மைக்கு வியர்க்காது. குளிப்பாட்டினால் கூச்சப்படாது. மாமாவுக்கு இரண்டும் உண்டு.

சுளுக்கு சீக்கிரமே இறங்கிவிட்டது. அதை நான் மறைக்கவில்லை. யாரும் என்னிடம் கேட்கவில்லை. அதற்குள் லயமே அவரைப் பார்க்க வந்து போயிருந்தது. நோயாளியைப் பார்க்க வெறுங்கையோடு வருவது எங்களிடம் வழக்கமில்லை. பிஸ்கட், பால்மா, தோடம்பழம் என்று குவிந்தன. மாமா எழுந்து வாசலுக்குப் போகப் பார்த்த அன்று அம்மாதான் மறித்தார்.

"படுடா. ஊரு பிஸ்கட்டெல்லாம் தின்னுட்டு இப்ப எந்திரிச்சு நடந்தா, என் மூஞ்சிய எங்க கொண்டுபோய் வைப்பேன்?"

"நான் எங்கக்கா தின்னேன்? வந்தவங்களுக்கே நீதானே எடுத்து நீட்டுன."

ஆனாலும் படுத்துக்கொண்டார். மானமுள்ள மனிதர். "சரி, இன்னுங் கொஞ்ச நாளு," என்று அவர் வாயாலேயே சொன்னார். அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டேன். சம்மதம் இல்லாமல் நோயாளியைத் தொடக்கூடாது என்பது முதல் பாடம்.

அம்மா கொழுந்தெடுக்கப் போனதும் காம்பரா என் வார்ட். வெந்நீரில் துடைத்தேன், பல் விளக்கிவிட்டேன், புரட்டிப் படுக்கவைத்தேன், கஞ்சி ஊட்டினேன். எதையும் செய்யுமுன் விளக்கிச் சொன்னேன். "கலா, எனக்குக் கை இருக்கு தாயி," என்பார் மாமா. நோயாளி பேசும்போது குறுக்கிடாமல் கேட்க வேண்டும். கேட்டேன். கேட்டு முடித்து அடுத்த கரண்டியை ஊட்டினேன்.

படுத்தே இருந்ததில் கால் தளர்ந்துபோயிற்று. கக்கூசுக்கு நடந்தபோது தள்ளாடினார். விழும் ஆபத்துள்ள நோயாளி என்று நீங்கள் சொல்வது இதைத்தான். செருப்பை எடுத்து ஒளித்து வைத்தேன். வெறுங்காலோடு எழுந்தார். அம்மாவின் பழைய சேலையைக் கிழித்து, இடுப்போடு கட்டிலில் சேர்த்துக் கட்டினேன். கட்டுக்கும் உடம்புக்கும் இடையில் இரண்டு விரல் நுழைய வேண்டும். நுழைந்தது. மாமாவையும் நுழைத்துப் பார்க்கச் சொன்னேன். அம்மா திரும்பும் நேரத்துக்கு அவிழ்த்துவிடுவேன். பிறர் முன்னால் நோயாளியின் கண்ணியம் முக்கியம்.

பரீட்சையில் நான்தான் முதலாவது. "கலாக்கு வந்த கை வேற ஒத்தருக்கும் வரல்ல," என்று நீங்களே சொன்னீர்கள். அப்போதே மாமாவை ஊருக்கு அனுப்பியிருக்கலாம். ஆனால் அடுத்த தாதி வந்து பொறுப்பேற்காமல் நோயாளியை விட்டுப் போகக்கூடாதே. யாரும் வரவில்லை.

வந்தது சசிதான், கல்யாணப் பத்திரிகையோடு. "அப்பா, வெள்ளிக்கிழமை தாலிகட்டு. வேன் அனுப்புறேன். நீங்கதான் என்னைத் தாரை வார்த்துக் குடுக்கணும்." மாமா, போகலாமா என்பதுபோல் என்னைப் பார்த்தார். ஒரு தாதிக்கு அதைவிடப் பெரிய பாராட்டு கிடையாது.

கித்துல்கல வீதியின் வளைவுகளை யோசித்துப் பார்த்தேன். வேனில் நிமிர்ந்து உட்காரும் நிலையில் அவர் இல்லை என்று முடிவு செய்தேன். கல்யாண வேலைக்கு அம்மா முதல் நாளே போய்விட்டார். வெள்ளிக்கிழமை காலை மாமா வேட்டி கட்டி, தலை வாரி, கட்டில் விளிம்பில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். வீட்டில் அம்மாவின் அரிப்புக்கு டிஸ்பென்சரியில் கொடுத்த மாத்திரை இருந்தது. போட்டால் அம்மா அடித்துப் போட்டாற்போல் தூங்குவார். மருந்து கொடுக்குமுன் பார்க்க வேண்டிய ஐந்து சரிகளையும் பார்த்தேன். சரியான ஆள், சரியான மருந்து, சரியான அளவு, சரியான நேரம், சரியான வழி. வழி, தேத்தண்ணி. கசப்புத் தெரியாமலிருக்கச் சீனி கூடப் போட்டேன்.

வேன் வந்தபோது மாமா குறட்டை விட்டுக்கொண்டிருந்தார். காய்ச்சல் என்று சொல்லி வேனைத் திருப்பி அனுப்பினேன். சசியை அவளுடைய பெரியப்பா தாரை வார்த்துக் கொடுத்தாராம். பொழுது சாய விழித்த மாமா, "வேன் வந்துருச்சா தாயி?" என்று கேட்டார். நான் விரிப்பை இழுத்துச் சரிசெய்தேன். மறுநாள் அம்மா வந்து அவரை உலுக்கிக் கேட்டபிறகுதான் எல்லாம் வெளியே வந்தது.

ஆமாம் மிஸ், மாத்திரை போட்டது நான்தான். சுளுக்கு இறங்கியது தெரிந்தேதான் கட்டினேன். ஆனால் பலனையும் பார்க்க வேண்டும். போன ஞாயிற்றுக்கிழமை பலாங்கொடை பஸ் ஸ்டாண்டில் மாமாவைக் கண்டேன். நலம் விசாரிக்கக் கிட்டப் போனேன். காலில் கிடந்த செருப்பையும் விட்டுவிட்டு, புறப்பட்ட பஸ்ஸைத் துரத்தி ஏறிவிட்டார். கட்டிலில் கிடந்த மனிதரை அப்படி ஓடவைத்தது யாருடைய பராமரிப்பு என்பதைக் கையெழுத்து வைக்குமுன் கொஞ்சம் யோசியுங்கள்.

செருப்பு என்னிடம் பத்திரமாக இருக்கிறது. வெறுங்காலோடு அவர் அதிக தூரம் போகமாட்டார்.