பொல்லாத பிள்ளை என்ற பெயரைத் துடைத்த தலைமையாசிரியர் திருமதி சி. மீனம்பாள் அவர்களுக்கு

கல்மலைகள் காவல் நிற்கும் செஞ்சிச் சீமையில் கல்விப் பயிர் வளர்த்த கண்ணியமே! கண்டிப்பிலும் கனிவு குறையாத கருணையே! கூட்டுப் பிரார்த்தனைக்கு எங்களில் யார் தாமதமாக வந்தாலும் கைக்கடிகாரத்தைப் பார்க்காமல் எங்கள் முகத்தைப் பார்த்தே எங்களைத் திருத்திய எங்கள் அன்புத் தலைமையாசிரியரே! பணிநிறைவு பெறும் இந்நாளில் தங்கள் முன் நின்று இம்மடலை வாசிப்பதில் பெருமையும் சற்றே கலக்கமும் கொள்கிறோம்.

மேல்சித்தாமூரில் இடைநிலை ஆசிரியராகத் தொடங்கி, பனமலை ஏரிக்கரைப் பக்கத்துப் பள்ளியில் பல்லாண்டு பணியாற்றி, பிறகு வல்லம் ஒன்றியத்தில் உள்ள நம் நடுநிலைப் பள்ளிக்குத் தலைமையேற்று வந்தீர்கள். ஐந்தாம் வகுப்பறை ஒழுகிய மழைக்காலத்தில் தாங்களே வாளி தூக்கினீர்கள். பெண் பிள்ளைகளின் கழிவறைக்குத் தண்ணீர் வரும்வரை ஒன்றிய அலுவலக வாசலை விட்டு நகரமாட்டேன் என்றீர்கள், நகரவும் இல்லை.

இப்படியே எழுதிக்கொண்டு போனால் எந்தத் தலைமையாசிரியருக்கும் பொருந்துகிற மடலாகிவிடுமோ என்று, மாலை வகுப்பு எடுக்கும் எனக்கு, இதை எழுதப் பணித்த நாள் முதல் அச்சமாகவே இருந்தது. ஆசிரியர்கள் கூடிப் பேசியபோது எல்லோரும் ஒரே நிகழ்ச்சியைத்தான் சொன்னார்கள். எனவே அதை மட்டும் நடந்த வரிசையில் சொல்கிறோம். வசந்தா, தங்கராஜ் தம்பதியிடம் இதற்கு முன்பே சம்மதம் பெற்றுவிட்டோம்.

அவர்களின் மகள் பிரவீணா மூன்றாம் வகுப்பில் இருந்தபோது பள்ளியே அவளுக்கு அஞ்சியது. பாடத்தின் நடுவே திடீரென எழுந்து ஓடுவாள். பிடித்தால் அடிப்பாள், கடிப்பாள். சற்று நேரம் கழித்து, "ஏன் மிஸ் எல்லாரும் என்னையே பாக்கறீங்க?" என்று கேட்பாள். அந்தக் கேள்விதான் எங்களுக்கு அதிகக் கோபத்தை மூட்டியது. நடிக்கிறாள் என்றே நினைத்தோம். ஓடி விழுந்துவிடக் கூடாதே என்ற அக்கறையில், பெரிய வகுப்புப் பிள்ளைகளை விட்டு அவள் இரு கைகளையும் இறுக்கிப் பிடிக்கச் செய்வதே நம் பள்ளியின் வழக்கமாக இருந்தது.

ஒரு நாள் அப்படிப் பிடித்தபோது, கூடச் சேர்ந்து பிடித்த வகுப்புத் தோழியும் கன்னியப்பன் அவர்களின் மகளுமான பூங்குழலியின் மணிக்கட்டைப் பிரவீணா கடித்துவிட்டாள். பெற்றோர் கூட்டம் கூடியது.

"எம்பொண்ணு கையில பல்லு பதிஞ்சிருக்குது டீச்சர். ஒண்ணு அதுக்கு டி.சி. குடுங்க, இல்லாட்டி எங்க புள்ளைங்களுக்கெல்லாம் குடுத்துடுங்க" என்றார் கன்னியப்பன்.

தங்கராஜ் எழுந்து நின்றார், தலையை நிமிர்த்தவில்லை. "யாருக்கும் தொந்தரவு வாணாம் டீச்சர். நானே கூட்டிட்டுப் போயி எங்கனா ஹாஸ்டல்ல தள்ளிடறேன்."

தாங்கள் சொன்னீர்கள்: "அரைப்பரீட்சை வரைக்கும் டைம் குடுங்க. அவளுக்கு என்னான்னு கண்டுபிடிக்க முடியலைன்னா நானே டி.சி.யில கையெழுத்துப் போடறேன்." எங்களில் பலருக்கு அன்று நம்பிக்கை இல்லை என்பதைத் தங்கள் முன்னிலையிலேயே ஒப்புக்கொள்கிறோம்.

ஒரு மருத்துவர் செல்லம் அதிகம் என்றார். இன்னொருவர் துறுதுறுப்பு அதிகம் என்று மாத்திரை எழுதினார். மாத்திரை போட்டுக்கொண்டு பிரவீணா மேசையிலேயே உறங்கினாள். விழித்தபின் ஓட்டம் மட்டும் நிற்கவில்லை. "இந்த டாக்டரும் சரியாச் சொல்லலைன்னா அடுத்தவர்கிட்ட போவோம்" என்று வசந்தாவைத் தேற்றினீர்கள்.

அதன்பின் ஒரு மதியம், சத்துணவு வரிசையில் முட்டையை வாங்கிக்கொண்டு வந்த பிரவீணா அப்படியே நின்றாள். கண் எங்கோ நிலைத்தது. வாயில் ஒன்றும் இல்லாமலே மென்றாள். ஒரு கை பாவாடையைத் திருகியது. மற்றொரு கையிலிருந்த முட்டை நழுவி உருண்டது. பிள்ளைகள் ஓடிவந்து பிடித்தார்கள். அதற்குப் பிறகுதான் அவள் அவர்களை அடித்தாள்.

"பார்த்தீங்களா மேடம், திமிரு" என்றார் கணித ஆசிரியர் அன்புமணி.

"கோவக்காரப் புள்ள தட்டை வீசும் சார், முட்டையைக் கீழ போடாது. அதுவும் இவ! பக்கத்துத் தட்டுல இருக்கற முட்டையையே கேட்டு வாங்கித் திங்கறவ!" என்றீர்கள். முதலில் அடிக்கவில்லை, பிடித்த பிறகே அடிக்கிறாள் என்பதை அன்று எங்கள் கண்ணெதிரே எடுத்துக்காட்டினீர்கள். மறுநாள் பெரிய ஆஸ்பத்திரியில் நரம்பு மருத்துவரைப் பார்க்க எந்த நாளில் போகவேண்டும் என்று விசாரித்துச் சொன்னவர் அன்புமணி அவர்களே.

அடுத்து நடந்ததைத் தாங்களே சிரித்துச் சிரித்து எங்களுக்குச் சொன்னதால் துணிந்து எழுதுகிறோம். அதிகாரிகள் வருகிறார்கள் என்றால் பள்ளியைக் கோலமிட்டு, தோரணம் கட்டி, கெட்டிக்காரப் பிள்ளைகளை முன்வரிசையில் அமர்த்திக் காட்டுவது நம் வழக்கம். மருத்துவரிடமும் பிரவீணாவை அப்படியே கூட்டிச் சென்றீர்கள்! முந்தைய இரவு நன்றாகத் தூங்க வைத்து, காலையில் எண்ணெய் வழிய வழியச் சீவி, இறுக்கி இரட்டைச் சடை பின்னியிருந்தார் வசந்தா. செஞ்சி பேருந்து நிலையத்தில் கனகாம்பரம் வாங்கி வைத்தது தாங்கள். பேருந்தில் "குட் மார்னிங் டாக்டர்" சொல்லப் பழக்கியதும் தாங்களே. பிரவீணா அழகாகச் சொன்னாள். பெயர் சொன்னாள், வாய்ப்பாடும் ஒப்பித்தாள்.

"இந்தப் பாப்பாவா கடிக்குது?" என்று கேட்டாராம் மருத்துவர். தாங்கள் முட்டை நழுவிய கதையைச் சொன்ன பிறகே மூளையின் அலைகளைப் பதிவு செய்யும் பரிசோதனைக்கு எழுதினார். பரிசோதனை அறையில் சடையைத் தொட்டுப் பார்த்த செவிலியர், "இவ்வளவு எண்ணெய் இருந்தா தலையில கம்பி ஒட்டாதும்மா. ஷாம்பு போட்டுக் குளிப்பாட்டி, எண்ணெய் தொடாம, விடியறதுக்கு முன்னாடியே எழுப்பிக் கூட்டியாங்க. தூக்கம் குறைஞ்சாதான் உள்ள இருக்கறது தெரியும்" என்று திருப்பி அனுப்பிவிட்டார்.

"டாக்டருக்கு முன்னாடி நல்ல புள்ளையா இருக்கணும்னுதானே டீச்சர் செஞ்சேன்" என்று வசந்தா அழுதார்.

"நான் மட்டும் இன்னா செஞ்சேன்? இன்ஸ்பெக்ஷனுக்கு ஸ்கூலைக் காட்டற மாதிரி காட்டிட்டோம். அடுத்த தடவை உள்ளபடியே காட்டுவோம் வா" என்றீர்கள்.

அடுத்த தடவை பிரவீணா விரிந்த தலையோடு, அரைத்தூக்கத்தில் அழுதுகொண்டே வந்தாள். பேருந்தில் ஒரு பெண்மணிக்குப் பொறுக்கவில்லை. "இன்னாம்மா, புள்ளைக்குத் தலைகூட வாரல?"

"வாரினா டாக்டர் திட்டுவாரும்மா" என்று தாங்கள் சொன்னதைக் கேட்டு வசந்தாவே சிரித்துவிட்டாராம்.

அன்று கம்பிகள் ஒட்டின. பிரவீணா அங்கேயே கண்ணயர, மூளையின் அலைகள் காட்ட வேண்டியதைக் காட்டின. பொல்லாத்தனம் அல்ல, வலிப்பில் ஒரு வகை. கீழே விழுந்து துடிப்பதில்லை என்பதால் யாருக்கும் தெரியவில்லை. அந்த நேரத்தில் நடப்பது எதுவும் குழந்தைக்கு நினைவிருக்காது. பிடித்து அடக்கினால் மிரண்டு திமிறுவாள் என்று மருத்துவர் விளக்கினார்.

"அப்ப எம்புள்ள வேணும்னு அடிக்கல?" என்று வசந்தா மூன்று முறை கேட்டாராம். மூன்று முறையும் மருத்துவர் பொறுமையாகப் பதில் சொன்னாராம்.

ஆனால் வீட்டில் வேறு கவலை எழுந்தது. "வலிப்புன்னு வெளிய சொல்லிடாதீங்க டீச்சர். நாளைக்கு எவன் பொண்ணு கேட்டு வருவான்?" என்றார் தங்கராஜ். தாங்கள் வற்புறுத்தவில்லை. "உங்க புள்ள, நீங்கதான் முடிவு பண்ணணும். ஆனா சொல்லலைன்னா அவளை மறுபடியும் பிடிப்பாங்க. பிடிச்சா மறுபடியும் கடிப்பா. பொல்லாத புள்ளன்ற பேரோட எவன் வருவான்னு அதையும் சேர்த்து யோசிங்க" என்று மட்டும் சொல்லிவிட்டு வந்தீர்கள்.

அரைப்பரீட்சைக்கு முன் மீண்டும் கூட்டம் நடந்தது. தாங்கள் வாய் திறக்கும் முன் தங்கராஜ் எழுந்தார். இம்முறை தலை நிமிர்ந்திருந்தது. "எம்பொண்ணுக்கு நோவு இருக்குது. மாத்திரை குடுக்கறோம். அது வரும்போது யாரும் கையைப் பிடிக்காதீங்க, அது போதும்."

கன்னியப்பன் எழுந்து, "இத்த மொதல்லயே சொல்லியிருந்தா நான் ஏன்யா டி.சி. கேக்கப்போறேன்?" என்றார்.

"மொதல்ல எனக்கே தெரியாதேண்ணா" என்றார் தங்கராஜ்.

அதன்பிறகும் எல்லாம் ஒரே நாளில் சரியாகிவிடவில்லை. மருந்தின் அளவை இருமுறை மாற்றினார்கள். வலிப்பு குறைந்ததே தவிர முற்றும் நிற்கவில்லை. விட்டுப்போன பாடங்களை மாலை வகுப்பில் பிரவீணா ஒவ்வொன்றாகப் பிடித்து வருகிறாள். கழித்தல் கணக்கோடு இன்னும் சண்டைதான்.

கண்ணியமே, கருணையே என்று அடைமொழிகளால் அலங்கரிப்பதைவிட, தாங்கள் அறியாத ஒரு செய்தியைச் சொல்வதே தங்களுக்கு நாங்கள் அணிவிக்கும் பொன்னாடை என்று கருதுகிறோம். சென்ற மாதம் ஓய்வூதியத் தாள்களுக்காகத் தாங்கள் கருவூலம் சென்றிருந்த நாளில் பிரவீணாவுக்கு வகுப்பில் வலிப்பு வந்தது. ஆசிரியர் அடுத்த அறையில் இருந்தார். அவர் ஓடி வருவதற்குள் பிள்ளைகளே பெஞ்சுகளை நகர்த்தி வழிவிட்டிருந்தார்கள். ஒருவரும் அவள் கையைத் தொடவில்லை. வாசற்படியில் அவள் இடறாதபடி முன்னே போய் நின்றவள் பூங்குழலி. "ஒண்ணும் இல்ல பிரவீணா, நாங்க இருக்கோம்" என்று மெல்லச் சொல்லிக்கொண்டே இருந்தாள். சற்று நேரத்தில் பிரவீணா தெளிந்து பார்த்தாள். யாரும் அவளை உற்றுப் பார்க்கவில்லை. "சாப்பாட்டு பெல் அடிச்சிட்டாங்களா?" என்றாள்.

"உனக்கு எப்பவும் முட்டை நெனப்புதான்டி" என்றாள் பூங்குழலி. வகுப்பே சிரித்தது, பிரவீணாவும் சிரித்தாள்.

தங்களுக்குத் தொலைபேசியில் சொல்லலாமா என்று கேட்டபோது, "மேடம் வந்து செய்ய இன்னா இருக்குது? அதான் புள்ளைங்களே பாத்துக்கிச்சே" என்றார் அன்புமணி. எனவே சொல்லவில்லை. இன்று சொல்கிறோம். தாங்கள் நிம்மதியாகப் புறப்படலாம், தாயே!

தங்கள் உடல் நலம் ஓங்கவும், தங்கள் இல்லத்தில் இனிமை தங்கவும், இனியாவது காலைப் பேருந்தைத் துரத்தாமல் ஆற அமரத் தேநீர் அருந்தவும், நூறாண்டு கடந்தும் தங்கள் குரல் கணீரென்று ஒலிக்கவும் உளமார வேண்டுகிறோம்.

என்றும் தங்கள் அன்பில் வாழும்
ஆசிரியர்கள், சத்துணவுப் பணியாளர்கள், மாலை வகுப்புத் தன்னார்வலர்கள், பெற்றோர்கள், மாணவ மாணவியர்