நீலப் படி

வழியா? யாரையும் கேக்கலம்மா, நேரா வந்துட்டேன். எப்படின்னு அப்புறம் சொல்றேன். முதல்ல இந்த டேப்போட முனையைக் கொஞ்சம் பிடிங்க. சுவத்துல வெள்ளத் தண்ணிக் கறை எதுவரைக்கும் ஏறியிருக்குன்னு பாத்துடலாம். மூணடி... மூணடி ரெண்டங்குலம். அடேங்கப்பா. தையல் மிஷின் முழுசா முங்கிடுச்சா?

ஐயோ, நாற்காலியெல்லாம் வேணாம். நிக்கிறேன். எனக்கு இது போதும்.

ஆமா, நெடுஞ்சாலை ஆபீஸ்தான். இன்ஜினியர் இல்லம்மா. ரோடு போடறதுக்கு முன்னாடி அது போற வழியில குளம், வாய்க்கா, மரம், மட்டை என்ன இருக்குன்னு பாத்து அறிக்கை எழுதறவன். எங்க உக்காந்து பாப்பேனா? ஆபீஸ்லதான். கம்ப்யூட்டர்ல. சிரிங்க, பரவால்ல. சிரிக்க வேண்டிய விஷயந்தான்.

முன்னெல்லாம் பேன்ட்டை மடிச்சு விட்டுக்கிட்டு நடந்தே பாப்போம். ஆறு மாசம் ஆகும். அப்புறம் சாப்ட்வேர் வந்துச்சு. சாட்டிலைட் படத்து மேல ரோட்டுக்கு ஒரு கோடு போட்டா, அந்தக் கோடு எதையெல்லாம் வெட்டுதுன்னு அதுவே சொல்லிடும். ஒம்பது நாள்ல முடிச்சுட்டேன். மேலதிகாரி எல்லார் முன்னாடியும் கையைக் குலுக்கி ஷீல்டு குடுத்தார். டிவி பக்கத்துல வெச்சிருந்தேன். இப்ப பீரோவுல, துணிக்கு அடியில கெடக்கு.

தப்பு எங்கன்னா... எந்தப் படம்னு நாமதான் பொறுக்கிக் குடுக்கணும். மேகம் மறைக்காத படமா இருக்கணும். வருஷம் பூரா எடுத்ததுல எது பளிச்சுன்னு இருக்கும், சொல்லுங்க? கோடையில எடுத்தது. அதைக் குடுத்தேன். அதுல உங்க வீட்டுக்குப் பின்னாடி வெறும் மண்ணு. மழை வந்தா அங்க தண்ணி நிக்கும், நின்னு மெதுவா அந்தப் பக்கம் வடியும்னு காஞ்ச மண்ணு சொல்லுமா? நீர்நிலை எதுவும் இல்லைன்னு எழுதிட்டேன். அது மேலயே ஆளுயரத்துக்கு மண்ணைக் கொட்டி ரோட்டை ஏத்திட்டாங்க. தண்ணி வேற எங்க போகும்? உங்க வீட்டுக்குள்ள வந்துடுச்சு.

தெரியாம நடந்ததுன்னு நீங்களே சொல்றீங்க. என் பொண்ணும் அதேதான் சொன்னா, விட்டுடுங்கப்பான்னா. இதோட கெளம்பிடலாம்னு காலு சொல்லுது. இருங்க, இன்னும் முடியல.

நாளைக்கு விசாரணைக்குப் போறீங்கல்ல? ரோட்டுக்கு அடியில தண்ணி போக வழி வெச்சுக் குடுங்கன்னு கேப்பீங்க. ரோடு போடறதுக்கு முன்னாடியே வெப்சைட்ல கருத்து கேட்டோமே, தண்ணி நிக்கும்னு யாரும் சொல்லலையேன்னு எங்க ஆளுங்க சொல்வாங்க.

சொன்னீங்க. தெரியும்மா. போனும் தண்ணியில போச்சா? அந்த வெப்சைட்டையும் எடுத்துட்டாங்க. அதான் நீங்க அன்னைக்கு அனுப்பினதைப் பேப்பர்ல பிரிண்ட் எடுத்துக் கொண்டு வந்தேன். பத்திரமா வெச்சுக்குங்க, இன்னொரு காப்பியும் போட்டுக்குங்க. மேப்ல உங்க இடத்தைத் தொட்டு, போட்டோ ஒண்ணு அனுப்பியிருக்கீங்க. தேதி இருக்கு பாருங்க. ரெண்டாவது படி வரைக்கும் தண்ணி. வருஷா வருஷம் இப்படித்தான், வந்து பாருங்கன்னு எழுதியிருக்கீங்க.

ஒவ்வொரு கருத்தும் எங்களுக்கு ஒரு செவப்புப் புள்ளியா வரும். பதில் போட்டா பச்சையாகும். கெடு முடியற அன்னைக்கு முன்னூறுக்கு மேல செவப்பு. சாயங்காலத்துக்குள்ள எல்லாம் பச்சையாகணும். போட்டோவைப் பாத்தேன். பாக்கலைன்னு பொய் சொல்ல மாட்டேன். குழாய் எங்கயாவது ஒடஞ்சிருக்கும்னு நெனச்சுக்கிட்டேன்.

வழி எப்படித் தெரிஞ்சுதுன்னு கேட்டீங்களே. தெருவைக் காட்டினது அந்தப் புள்ளி. வீட்டைக் காட்டினது போட்டோல பாத்த இந்த நீலப் பெயிண்ட் அடிச்ச படி. பேப்பர்ல கடைசி வரி பாருங்க, எழுத்து பொடியா இருக்கும். நேரில் பார்க்கப்பட்டது, பாதிப்பு இல்லைன்னு போட்டு ஒரு பேரு இருக்கா?

அது நான்தாம்மா. இன்னைக்குத்தான் முதல் தடவையா வர்றேன்.