இடிக்குக் கழற்றாத கம்பி

ஜெர்மன் சண்டைக்கு முந்திய ஐப்பசி. கல்லிடைக்குறிச்சி ரயிலில் எனக்கு எதிரே இரண்டு பேர். தந்தி ஆபீஸில் இருந்து ஓய்வு பெற்ற முதியவர் ஒருவர். மற்றவர் பேட்டை வியாபாரி.

“மழை வந்தா ஊர்ல மாட்டை அவுத்துக் கட்டுதாங்க. நான் கப்பலை அவுத்துக் கட்டுதேன்,” என்றார் முதியவர்.

“கப்பலையா அண்ணாச்சி?”

“பனை உச்சியில இருந்து வீட்டுப் பெட்டிக்குக் கம்பி வருதுல்லா, கப்பல்காரங்க அனுப்புத கம்பியில்லாத் தந்தியைக் கேக்கதுக்கு. இடி இடிச்சா அதைக் கழத்தி, கிணத்தடி ஈர மண்ணுல அடிச்ச இரும்பு முளையில கட்டிரணும். மின்னல் மண்ணுக்குள்ள போயிரும்.”

“நேத்து ராத்திரி அந்த இடி இடிச்சுதே, அப்பவும் கழத்துனீங்களா?”

“இல்லை வே. ஒரு கப்பல் உதவி கேட்டு விடாம தட்டிக்கிட்டே இருந்துச்சு. ஒருத்தரும் பதில் சொல்லலை. என் பெட்டியில கேக்கத்தான் முடியும், பேச முடியாது. இருந்தாலும் நானும் விட்டுட்டுப் போக மனசு வரலை. மின்னல் இறங்கி, பெட்டி கருகிப் போச்சு.”

“போகட்டும், வேற பெட்டி செஞ்சுக்கலாம்.”

“செஞ்சுக்கலாம். அந்தக் கப்பல் கரை சேந்துச்சான்னு யாருகிட்ட வே கேக்க?”